நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா

ஜூன் 3, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. மரைன் ஹில் அறையில் ஒன்றும் காயவில்லை, என் துப்பட்டா உட்பட. அழுத்தி வைத்த பூங்கிளைகளுக்கெல்லாம் ஈரத் தாளை எடுத்துப் புதுத் தாள் வைத்தேன். பழைய செய்தித்தாள் முழுக்க வாப்பாவின் கருவாட்டுக் கடைக்கு. யோஷிகோ மேடத்துக்குத் திங்கள் விமானம். தான் ஆராயும் மரம் பூப்பதைப் பார்க்க ஜப்பானிலிருந்து நாலாவது முறை வந்திருக்கிறார். இப்போதுதான் பூ கிடைத்தது.
வாங்க: பல்பு 2, சணல், தலைவலி மாத்திரை (மேடத்துக்கு).

ஜூன் 4, புதன்
அல்லாஹ்வே! எந்தக் கிளை எந்த மரத்தினுடையது என்ற எண் பழைய தாளின் ஓரத்தில் அல்லவா இருந்தது. புதுத் தாளில் எழுதவே இல்லை. மற்றவற்றை இலையைப் பார்த்தே கண்டுபிடித்தேன். இரண்டு மட்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. 41 ஹேவ்லாக் தீவு மரம், 42 சிடியா டாப்பு மரம். எது எது?
ஜங்லிகாட்டுக் கடைக்கு ஓடினேன். வாப்பா: "அந்தக் காயிதமா? காலைலயே கருவாடு மடிச்சுக் குடுத்தாச்சும்மா. க்யா ஹுவா?"
ஒன்றுமில்லை என்றேன். அறைக்கு வந்து இரண்டுக்கும் குத்துமதிப்பாக எண் எழுதிவைத்தேன். பாவி நான்.

ஜூன் 5, வியாழன்
மேடம் நாள் முழுக்க லென்ஸும் கையுமாக. சாப்பிடவில்லை. மாலை ஒரே சிரிப்பு, உடைந்த ஹிந்தியில். ஹேவ்லாக் மரம் தனி இனமாம், யாரும் இதுவரை எழுதாததாம்.
"எண் பக்கா?"
"பக்கா, மேடம்."


ஜூன் 6, வெள்ளி
சொல்லிவிட்டேன். தேநீர் கொடுக்கும்போதே, அழுதுகொண்டே. மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இரண்டு தாளிலும் எண்ணை ரப்பரால் அழித்தார். பிறகு, "ஹேவ்லாக் கப்பல் எத்தனை மணிக்கு?"

ஜூன் 7, சனி
காற்று. டிக்கெட் கவுண்டரில், "கடல் கராப்க்கா, கப்பல் போகாது. நாளைக்கு வாங்க." இந்தக் காற்றில் பூ நிற்குமா? நகத்தைக் கடித்தே என் விரல் புண்.

ஜூன் 8, ஞாயிறு
கப்பல் ஓடியது. மேடம் இரண்டு தடவை வாந்தி. ஹேவ்லாக்கில் மரத்தடி முழுக்கப் பூ, எல்லாம் அழுகல். உச்சியில் ஒரே ஒரு கொத்து. தொரட்டியால் நான்தான் பறித்தேன். சிதறாமல் இறங்கியது. தாளை விரித்தேன். பென்சிலுக்குக் கை நீட்டினேன்.
மேடம் தரவில்லை. எண்ணை அவரே எழுதினார்.