காய்ச்சலை மறைத்துச் சொன்ன சாட்சி

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் உரிய ஸ்டெல்லா அக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அடங்கவில்லை. இப்போது எனக்கும் அதே மார்பகப் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்திருக்கிறது.

உன் நாலாவது கீமோ முடிந்த பத்தாம் நாள், ஆண்டவர் சுகம் தந்தார் என்று சபையில் நீ சாட்சி சொல்லவேண்டிய ஞாயிறு. காலையிலேயே உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணாமல், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவையில் என் ஸ்கூட்டரில் ஏறினாய். செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை காய்ச்சல் என்று என்னிடம் சொல்லவே இல்லை. ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கினாய். நான் என்ன செய்தேன்? எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன். உன் நெற்றியில் கை வைத்திருக்கக் கூடாதா?

மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் சொன்னாய். "சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லப் போறவ, காய்ச்சல்னு எப்படிடி சொல்றது? ஆண்டவர் பேரு கெட்டுடாதா?"

ஆண்டவர் பேரைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? தொற்று இரத்தத்தில் பரவி, அந்த வாரமே போய்விட்டாய்.

நான் அப்படி இல்லை. முடி கொட்டுமுன் நானே ஒட்ட வெட்டிக்கொண்டேன். வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறேன். குமட்டினால் அரை இட்லி, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு அரை. பார்க்க வருகிறவர்களிடம், "சளி இருந்தா வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். கீமோ ஃபைலும் மாற்றுத் துணியும் வைத்த பை வாசல் கதவருகிலேயே இருக்கிறது.

போன மாதம் எனக்கும் காய்ச்சல், 100.6. போன் பண்ணினேன். "மாத்திரை எதுவும் போடாம உடனே வாங்க" என்றார் நர்ஸ். போனதும் இரத்தம் எடுத்து மருந்து ஏற்றினார்கள். நாலு நாளில் வீட்டில் இருந்தேன். படுக்கையில் கிடந்தபடி உன்னைத் திட்டினேன். இவ்வளவுதானா அக்கா? ஒரு போன்தானா?

டாக்டர் சரி என்றதும் மாஸ்க்கோடு சபைக்குப் போனேன். "நீயும் ஒரு சாட்சி சொல்லும்மா" என்றார் ரீட்டா ஆன்ட்டி. எழுந்து, கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினேன்.

"கீமோ எடுக்கிறப்ப இதுல 100.4 காட்டினா ஆராதனை முடியிற வரைக்கும் காத்திருக்காதீங்க. மாத்திரை போட்டு மறைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டு நடுவுலயே எழுந்து போங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். எங்க அக்கா எழுந்து போகல."

வெளியே வரும்போது, தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "அடுத்த வாரம் எனக்கு ரெண்டாவது கீமோக்கா. இதெல்லாம் யாரும் சொல்லலையே."

தெர்மாமீட்டரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அது உன்னுடையது. உன் அலமாரியில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

எனக்கு வேறு வாங்கிக்கொள்வேன். இனி என் பக்கத்தில் யார் நடுங்கினாலும் ஃபேன் பக்கம் போகமாட்டேன், அக்கா. முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

உன்னைத் தொட்டுப் பார்க்காத தங்கை,
மேரி