நம் வீட்டில் உண்ணியா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இப்போதுதான் கை வருகிறது. அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று குறை சொன்னார், அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது. நீ போனில் கேட்டபோதெல்லாம் சாதாரணக் காய்ச்சல் என்றேனே, அது பொய். போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா கடைக்குப் பழுது பார்க்க வந்த சோபா ஒன்றை, அங்கே இடமில்லை என்று வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டார். கொடுத்தவர்கள் வீட்டு நாய் அதில்தான் படுக்குமாம். பழைய துணியைக் கிழித்து, பஞ்சைப் பிய்த்து, இங்கேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அவர் முழங்காலுக்குப் பின்னால் மிளகு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. பிடுங்கிப் பார்த்தால் கால்கள் அசைகின்றன. உண்ணி! மிதியடியைக்கூடத் துவைத்துக் காயப்போடுகிறவள் நான், என் வீட்டில் உண்ணியா? யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லி, அதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

அடுத்த வாரமே காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சின்னப் பெண், "வீட்ல நாய் ஏதாவது இருக்கா, உண்ணி கிண்ணி கடிச்சுதா?" என்று பொறுமையாகக் கேட்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உன் மாமியார் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் எங்க வீட்ல கிடையவே கிடையாதும்மா" என்று முந்திக்கொண்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஏதேதோ மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கவில்லை, சிறுநீர் குறைந்துபோனது, கடைசியில் என்னையே யார் என்று கேட்டார். அதற்கு மேல் தாங்குமா, ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லி, வந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். கடித்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. உண்ணிக் காய்ச்சலாம். சோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருந்தை மாற்றினாள். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. தெளிந்த பிறகும் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

உண்ணி கடித்த வாரம் வீட்டுக்கு வந்து போனவர்களையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள் டாக்டர். உன் மாமியார் அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்து கடைசியில் சொன்னேன். "அன்னிக்கே என் கைமேல ஒண்ணு ஊர்ந்துச்சு சம்பந்தி, சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு தட்டிவிட்டுட்டேன்" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. என் மானத்துக்காக அவரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார், நடுவில் உங்கப்பா உயிர் ஊசலாடியிருக்கிறது. நல்லவேளை, உன் மாமியாருக்கு ஒன்றும் இல்லை.

குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் வந்தால் காது மடல், முழங்கால் மடிப்பெல்லாம் பார். ஏதாவது ஒட்டியிருந்தால் கூசாமல் டாக்டரிடம் சொல். மருமகளிடம் இதை நீயே படித்துக் காட்டு, எனக்காக ஒரு வரியையும் விழுங்காதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, முதலில் அப்பாவிடம் பேசு, பிறகு மனம் வந்தால் என்னிடம்.

உன் முகம் பார்க்கக் கூசும்
அம்மா