இரண்டு கோடுகள்

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலமா? பெயின்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே வேலை என்று உன் அம்மா சொன்னார்கள். கால்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? இங்கே ஆய்வுக்கூடத்து ஏசி இன்னும் ஒழுகுகிறது. உன் நாற்காலியில் ஆளில்லை, வாளிதான் உட்கார்ந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போன சேர்மத்தை கைடு சார் என்னிடம் கொடுத்து, "நீயாவது சுத்தமா செஞ்சு காட்டும்மா" என்றார். நான்கு முறை சுத்தம் செய்தேன். நான்கு முறையும் அகச்சிவப்புக் கருவியில் அதே இரண்டு கோடுகள், ஒன்றுக்கொன்று சளைக்காமல். ஒரே கோடுதான் வர வேண்டும், இரண்டாவது அழுக்கு என்றுதானே சார் சொன்னார்? அழுக்கு என்றால் அது மங்கியிருக்க வேண்டாமா?

அதன் பிறகுதான், எந்த வடிவத்துக்கு எத்தனை கோடு என்று சமச்சீரை வைத்துச் சொல்லும் குழுக் கோட்பாட்டு அட்டவணையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். நடுவில் உலோக அணு. அதற்கு இரண்டு கார்பன் மோனாக்சைடு கைகள். சார் நம்பியதுபோல அவை எதிரெதிரே இருந்தால், இரண்டும் சேர்ந்து நீளும்போது ஒன்றின் இழுப்பை மற்றது அடித்துவிடும். கருவிக்குத் தெரியாது. ஒன்று நீள மற்றது சுருங்கும் அதிர்வு மட்டும் தெரியும், ஒரே கோடாக. கைகள் பக்கம்பக்கமாக இருந்தால் சமச்சீர் குறைந்துவிடுகிறது. இரண்டு அதிர்வுமே தெரியும். உன் சேர்மத்தில் அழுக்கே இல்லை. சார் போட்ட படம்தான் தப்பு. போன வாரம் படிகத்தின் எக்ஸ்ரே முடிவும் வந்துவிட்டது. பக்கம்பக்கம்தான்.

சார் தாளை வாங்கிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு அன்னைக்கே இதைத்தானே சொல்லிச்சு?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று எல்லார் முன்னாலும் அவர் உன் வேலை சுத்தமில்லை என்றபோது, நீ ஒரு முறை என் பக்கம் திரும்பினாய். அதற்கு முந்தைய வாரம் நானும் அதையே தயாரித்து, அதே இரண்டு கோடுகளைப் பார்த்து, பயந்து கொட்டிவிட்டிருந்தேன். என் ஆய்வுக்கால நீட்டிப்பு அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஓட்டைவாய் என்று எனக்குப் பெயர் வைத்தவள் நீ. அன்று அந்த வாய் திறக்கவில்லை. இதைச் சாரிடமும் சொல்லிவிட்டேன்.

கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது, அவர் ஒப்புக்கொண்டார். உன் ஆய்வுப் பதிவு இந்த மாதக் கடைசிவரை செல்லும். வந்துவிடு. வர மனமில்லை என்றால், என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேஜைக்காரி