மடிப்பு விழுந்த முகம்

பட்டுப்புடவைகளை மடிப்பு மாற்றி வைக்க இன்று பீரோவைத் திறந்தேன். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை அற்றுவிடும் என்பது காஞ்சிபுரத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கல்யாணப் புடவைக்குள்ளிருந்து, மடித்து வைத்திருந்த அந்த ஓவியப் படம் விழுந்தது. இத்தனை வருடத்தில் அதை மட்டும் நான் மாற்றி மடிக்கவேயில்லை. மடிப்பு அந்தத் தாயின் முகத்தின் குறுக்கே ஓடி, வண்ணம் உதிர்ந்து, திறந்த வாய் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நீ இறந்துவிட்டதாகக் கனடாவிலிருந்து உன் அண்ணன் செய்தி அனுப்பி நாற்பது நாள் ஆகிறது.

நாம் படித்த கல்லூரியின் கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த தலைப்பு, பரோக் என்ற பழைய ஐரோப்பிய பாணி ஓவியங்களில் போரின் துயரம். நூலகம் கழித்துப்போட்ட புத்தகத்திலிருந்து அந்தப் படத்தைக் கிழித்து வந்தேன். பழைய ஐரோப்பாவில் எரிகிற ஓர் ஊர். மடியில் இறந்த குழந்தையோடு ஒரு தாய். சுற்றிலும் இருட்டு, வெளிச்சமெல்லாம் அவள் முகத்தில்.

"ஜெயிச்ச ராஜாவே இல்ல பாரு. சிப்பாய்க்குக்கூட கவசத்தோட ஓரம்தான் மின்னுது" என்று உன்னிடம் காட்டினேன். நீ படத்தின் மேல் குனிந்தாய். "என்னடி, எவ்ளோ நேரம் பாத்துக்கினே இருப்ப?"

"உன்ர கினுவும் நீயும்" என்று என் பேச்சைக் கேலி செய்து சிரித்தாய். பிறகு இருண்ட மூலையைத் தொட்டாய். அங்கே ஒரு கிழவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை நான் அவளைப் பார்க்கவில்லை. "இவதான் உண்மை. எங்களுக்கு அழ நேரம் இருக்கேல்லை."

அன்றுதான் சொன்னாய்: இலங்கையிலிருந்து வந்த படகில் உன் கைக்குழந்தைத் தம்பி இறந்ததை, கரை வரும்வரை உன் அம்மா செய்ததை. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

சொன்னேன். கருத்தரங்கில் படத்தைத் தூக்கிக் காட்டி, உன் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அகதி முகாமிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்தவள் நீ ஒருத்திதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கும் முன்பே எல்லாத் தலைகளும் நீ இருந்த மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின.

சைக்கிள் ஸ்டாண்டில் உன்னைப் பிடித்தேன். "பேரு சொல்லலியேமா..."

"அம்மா இருட்டில வச்சிருந்ததை நீ ஏன் வெளிச்சத்தில வச்சனி?"

அதற்குப் பிறகும் பேசினோம். பாடம், பஸ், பரீட்சை. அம்மாவைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை.

இன்று படத்தை வேறு மடிப்பில் மடித்தேன். இருட்டு மூலையில் கிழவி ஒரு கீறலும் இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டே இருக்கிறாள். என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"யாருமா இவங்க?"

"சண்டையில ஊர விட்டுப் போறவங்க."

"அந்தப் பாப்பா செத்துப்போச்சா? அப்புறம் அவங்கம்மா என்ன செஞ்சாங்க?"

உன் அம்மா செய்ததைச் சொல்ல வாயெடுத்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"தெரியலமா" என்றேன்.

இந்த மடலிலும் அதை எழுதவில்லை.