முதல் பக்கத்தில் என்ன பாடினீர்கள்?

முக்கூடல்,
20-8-1996

அன்புள்ள அத்தானுக்கு,

சித்ரலேகா எழுதுகிறேன். கையெழுத்து மறந்திருக்கும், அதனால் பெயரை முதலிலேயே போட்டுவிட்டேன். இங்கே மாமாவும் நானும் சுகம். ஆற்றில் தண்ணீர் போகிறது. பம்பாயில் பேய்மழை என்று செய்தியில் சொன்னார்கள். உங்கள் அறை ஒழுகாமல் இருந்தால் சரி.

நீங்கள் அனுப்பிய கேசட் வைகாசியிலேயே வந்துவிட்டது. நான் கேட்கவில்லை. இதில் கோபித்துப் பயனில்லை. மூன்று வருஷமாகக் கடிதத்துக்குப் பதில் கேசட்தானே அனுப்புகிறீர்கள்? முதலில் வந்ததில் முழுக்க ரயில் சத்தம். அடுத்ததில் மாவு மில் சத்தம், நடுநடுவே யாரோ தகரத்தைத் தேய்க்கிற சத்தம். புதுமையான இசை என்று பத்திரிகையில் உங்களைப் புகழ்ந்திருந்தார்கள். இருக்கட்டும். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டையும் கடைசிவரை கேட்டேன், எங்காவது என் பெயர் வராதா என்று. வரவில்லை. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று பீரோவில் வைத்துவிட்டேன். அட்டையில் ‘ஒத்தைக் குரல்’ என்று போட்டிருந்தது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மன் கோயில் ஆடிக் கொடை வந்தது. கொடை என்றால் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வில்லுப்பாட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். இந்தத் தடவை வெற்று கேசட் கிடைக்கவில்லை, உங்களுடையது கண்ணில் பட்டுவிட்டது. அழித்துப் பதியக்கூடாது என்றுதான் கம்பெனிக்காரன் கேசட்டின் மேல்விளிம்பில் ஓட்டை விட்டிருக்கிறான். மாமா அதில் காகிதத்தை மடித்துத் திணித்து ஒட்டியிருக்கிறார். இவன் இரைச்சலை யாரு கேக்கப் போறா, அம்மன் கதையாவது இருந்துட்டுப் போட்டும் என்று நினைத்தாராம்.

மறுநாள் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க மாமா கேசட்டைத் திருப்பிப் போட்டார். கிதார் சத்தம் வந்தது, பின்னாலேயே உங்கள் குரல். மில்லும் இல்லை, தகரமும் இல்லை. நீங்களே எழுதி நீங்களே பாடிய பாட்டு. என் ஈரத்தலை, நான் கதவைச் சாத்துகிற வேகம், கோபம் வந்தால் ரசத்தில் உப்பு கூடிப்போவது, எல்லாம் அதில் இருக்கிறது. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னீர்களே, என்னிடம் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? முறத்தை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதேன்.

அந்தப் பக்கத்தின் முதல் பாட்டு, ‘அதனாலதான் நான் திரும்பலை’ என்று தொடங்குகிறது. எதனால்? அது முதல் பக்கத்தில் இருந்திருக்கும். அங்கே இப்போது புலவர் வில்லைத் தட்டி இசக்கியம்மன் பிறந்த கதை பாடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் ஆமா, ஆமா என்கிறார்கள். புருஷன் ஏன் வரவில்லை என்று கேட்டால் இசக்கி பிறந்த கதை வருகிறது. என் தலையெழுத்தைப் பாருங்கள்!

நான் மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்தான் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். இதே கேசட் இன்னொன்று கிடைக்குமா என்று திருநெல்வேலிக்குப் போய் ஹாஜா பாய் கேசட் கடையில் விசாரித்தேன். சினிமாப் பாட்டுன்னா தாரேம்மா, இப்படி ஒரு பேரு கேள்விப்பட்டதே இல்லையே என்று கையை விரித்துவிட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார். யம்மா, இங்கன வா, பைய உக்காந்து இதைக் கேளு என்றார். வில்லுப்பாட்டில் மங்களம் பாடி முடிந்த பிறகும் நாடா கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. அதில் உங்கள் குரல், ஒரே ஒரு வரி. ‘வான்னு ஒரு ஆளு சொல்லலையே.’ அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

தகரம் தட்டப் போறவன் இனி இந்த வாசப்படி மிதிக்கப்படாது என்று மாமா அன்றைக்குக் கத்தினாரே, நான் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நீங்களாக நிற்பீர்கள் என்று நான் நினைத்தேன். நான் கூப்பிடுவேன் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். நல்ல பொருத்தம்தான்! அதற்காக மூன்று வருஷமா? பம்பாயில் போஸ்ட் கார்டு விற்கவில்லையா?

நேற்று மாமா, பம்பாயிலிருந்து ரயில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். யார் வருகிறார்கள் என்று கேட்டேன். சும்மாதான் கேக்கேன் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

எனக்கு இந்த வீட்டில் பேச்சுத்துணைக்குப் பல்லிதான் இருக்கிறது. இப்போதும் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு, மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றுகிறேன். அலுத்துப் போச்சு அத்தான்.

தயவுசெய்து இன்னொரு கேசட் அனுப்பிவிடாதீர்கள். தபாலில் வந்தால் பிரிக்காமலே திருப்பிவிடுவேன். முதல் பக்கத்தில் இருந்ததை இங்கே வந்து உங்கள் வாயால் பாடுங்கள். மாமாவும் கேட்கட்டும். தகரத்தையும் கொண்டுவாருங்கள், புறவாசலில் நிறைய இடம் இருக்கிறது. அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒரு ஆளு சொல்லவில்லை என்று இனி யாரிடமும் பாட வேண்டாம். நான் சொல்கிறேன். வாருங்கள்.

உங்கள்,
சித்ரலேகா