வேண்டாமென்றால் என்னிடமே

2000 மே 14, ஞாயிறு

சுந்தரி குட்டி போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆறும் பிழைத்துக்கொண்டன. கடைசியாக வந்த பெண் குட்டிதான் எல்லாவற்றிலும் சிறியது. ஆனால் பாலுக்கு முதலில் முட்டிக்கொண்டு போவதும் அதுதான்.

காலையில் பக்கத்தில் உள்ள பா டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர் வந்தார். ஒரு மாதம் ஆனதும் ஒரு குட்டி வேண்டுமாம். எட்டு வாரம் தாயிடம் இருக்க வேண்டும் என்றேன். சரி என்றார். எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். கிடங்கு வாசலில், சங்கிலி போட்டு. பகலிலுமா? பகலிலும். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். குட்டி கிடையாது.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். "நீ நாய் விக்கிறியா, பொண்ணு குடுக்கிறியா?"

என்னைக் கொடுத்தபோது உங்கள் வீட்டை யாரும் வந்து பார்க்கவில்லை, அதனால்தான் இப்போது நான் பார்க்கிறேன் என்றேன்.

ஹிந்தி பேசும் இந்த வீட்டில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்ததற்கு இதுதான் பலன். யாரை வேண்டுமானாலும் திட்டி எழுதி, மேசை மேலேயே வைத்துவிட்டுப் போகலாம். என் மாணவர்களில் பாடத்தை மறக்காதவை நாய்கள் மட்டும்தான். தமிழில் நாலே சொல்: உக்காரு, வா, வேணாம், போதும். இந்த நாலும் தெரியாமல் எந்தக் குட்டியும் இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

வாங்கிப் போகிறவர்களுக்கும் ஒரே ஒரு பாடம் உண்டு. என்றைக்காவது வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடக் கூடாது, வேறு கைக்கு மாற்றக் கூடாது. வேண்டாமென்றால் என்னிடமே கொண்டு வர வேண்டும், நாய்க்கு எத்தனை வயதானாலும்.

மே 19, வெள்ளி

தலைநகர் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்துவிட்டார்களாம். எண்பத்தேழில் நம் இந்தியர்கள் இருந்த ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அது மறுபடியுமா? ரேடியோவை அணைக்கவே இல்லை. குட்டிகளுக்குக் கண் திறந்துவிட்டது.

மே 27, சனி

போன் ஓயவில்லை. எங்கள் வரதோலி முழுக்க நாய் வேண்டுமாம். பா முழுக்க வேண்டுமாம். முன்பெல்லாம் தாய் எப்படி, தகப்பன் எப்படி, காது நிமிருமா என்று கேட்பார்கள். இப்போது ஒரே கேள்வி: "கடிக்குமா?"

நீங்கள் அடித்தால் உங்களைக் கடிக்கும் என்று ஒருவருக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஹார்ட்வேர்க்காரரும் பேசினார். ஆறையும் எடுத்துக்கொள்கிறாராம், இரட்டை விலைக்கு. பாவம், பயந்துபோயிருக்கிறார், குரலிலேயே தெரிந்தது. அதற்காகக் குட்டியைச் சங்கிலியில் கட்டிப் பைத்தியமாக்க முடியுமா? அப்படி வளர்ந்த நாய் திருடனையும் கடிக்கும், தபால்காரரையும் கடிக்கும்.

ஜூன் 10, சனி

என் கொழுந்தன் கம்லேஷ் வந்தான். அவனைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது.

"பௌஜி, இதுதான் சமயம். அடுத்த தடவ சுந்தரிக்குப் பருவம் வந்ததும் உடனே சேத்துடுங்க. என் டைகர் இருக்கானே."

டைகர் சுந்தரி போட்ட பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இவனுக்கு நான்தான் கொடுத்தேன்.

அம்மாவுக்கும் பிள்ளைக்குமாடா என்றேன். நாய்க்கு அதெல்லாம் தெரியுமா என்கிறான். நாய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. அதோடு குளிர்ந்த காலையில் டைகர் எழுந்திருக்கும்போது பின்கால் இழுக்கிறது; இடுப்புக் கோளாறாக இருந்தால் குட்டிகளுக்கும் போகும். அவனும் பார்த்திருக்கிறான், நானும் பார்த்திருக்கிறேன். சுந்தரியைச் சேர்ப்பதற்கு முன்னால் சுவா வரை கூட்டிப்போய் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தேன். இவர் போகும்போதும் முணுமுணுத்தார், வரும்போதும் முணுமுணுத்தார், ஆனால் வண்டி ஓட்டினார். அதற்கெல்லாம் அர்த்தம் வேண்டாமா? ஒரு ஈற்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே அவள் உடம்பு தேற வேண்டாமா?

"எல்லாரும் பயப்படுறப்ப நாலு காசு பாக்கலன்னா எப்ப பாக்கிறது" என்றான். கோபத்தில் சாதத்தைக் கருக விட்டுவிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

ஒரு வாத்தியார் குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். வேலி இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறது, நாயை உள்ளே படுக்க விடுவார்கள். கொடுத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் அந்த அம்மாள் கேட்டாள்: "இத ஆஸ்திரேலியாவுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா, டீச்சர்?"

எப்போது போகிறீர்கள் என்றேன். குடியேறப் பேப்பர் போட்டிருக்கிறார்களாம்.

இன்றைக்கே ஜூலியும் திரும்பி வந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் குட்டியாக நான் கொடுத்தவள். அந்த வீட்டுக்காரர்கள் வான்கூவர் போகிறார்கள். அந்த வீட்டுப் பெண் என் முற்றத்தில் நின்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஜூலி மட்டும் நேராகக் கொட்டகைக்குப் போய், தான் பிறந்த மூலையில் படுத்துக்கொண்டாள்.

என் பாடத்தை மதித்துக் கொண்டுவந்து விட்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லும்போது என் ஆயுசில் ஒன்றோ இரண்டோ திரும்பி வரும் என்றுதான் கணக்குப் போட்டேன். ஊரே கிளம்பும் என்று யார் கண்டது?

இனிமேல் குட்டி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்கப்போவது இதுதான்: வெளிநாடு போகிற எண்ணம் உண்டா?

ஜூன் 25, ஞாயிறு

கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். நமாகாவில் ஏர்போர்ட் வேலையில் இருக்கும் ஆர்னல்ட் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்து இல்லை என்றார். "தினம் எல்லாரையும் வழியனுப்புறவன் நான். நானும் போயிட்டா யார் அனுப்புறது?" அவருக்கு ஒரு குட்டி உறுதி.

ஜூன் 29, வியாழன்

இன்று நடந்ததை உள்ளபடியே எழுத வேண்டும்.

கேட்டுக்கு வெளியே ஒரு காய்வீத்தி ஆள், இந்தத் தீவின் பூர்வகுடி, நின்றார். நல்ல உயரம். நான் போய்க் கொக்கியைப் போட்டேன், பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டேன். கொக்கி போடுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

பெயர் ஜோனே. கரும்பு ஆலையில் வேலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. நம் ஊர் ஹிந்தியை என் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுகிறார். ராத்திரி ஷிஃப்ட் வரும்போது மனைவி மேரே தனியாக இருக்கிறாளாம், அதனால் ஒரு குட்டி வேண்டுமாம்.

உங்களுக்கு என்ன பயம் என்று வாயில் வந்துவிட்டது.

"பயம் உங்க ஆளுங்களுக்கு மட்டுந்தான்னு நெனச்சீங்களா, தீதீ? ராத்திரி கதவத் தட்டினா அவளும் வெளக்க அணச்சிட்டு உக்காந்திருக்கா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொக்கியை எடுத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். எல்லாக் கேள்வியும் கேட்டேன். சங்கிலி? கிடையாது. சாப்பாடு? வீட்டில் என்ன உண்டோ அது, மீன் முள் நீக்கி. வெளிநாடு போகிற எண்ணம் உண்டா? வழக்கத்தில் அதையும் கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் சுந்தரி எழுந்து வந்து பார்த்தாள். "நானா? நான் எங்க போவேன்?"

நாய் வேண்டுமென்று ஊரே யாருக்குப் பயந்து ஓடி வருகிறதோ, அவர்களில் ஒருவர்தான் என் கேள்விக்குச் சரியான பதில் வைத்திருக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேண்டாமென்றால் என்னிடமே கொண்டு வர வேண்டும் என்ற பாடத்தையும் சொன்னேன். தலையாட்டினார். கேட்டைத் தாண்டும்போது திரும்பி நின்றார். "நீங்க போயிட்டா யார்கிட்ட கொண்டாரது?"

மகன் ஷாலீன் சிட்னியிலிருந்து அனுப்பிய குடியேற்றப் பாரம் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து வைத்தது நாங்கள்தானே. அசல் போன மாதமே போய்விட்டது. மற்றவர்களைத் தரையைப் பார்க்க வைத்தேன், இன்று நான் பார்த்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

ஜோனே வீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டைப் பார்க்காமல் குட்டி கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை, யாராக இருந்தாலும். வழியில் போலீஸ் நிறுத்தி, கூடையில் என்ன என்று பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கொஞ்சிவிட்டு அனுப்பினார்கள்.

மேரே பாய் விரித்து, மரவள்ளியும் தேங்காய்ப்பால் கீரையும் வைத்தாள். இவருக்கு நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டாவது கிண்ணத்தில் இவர் அந்த வீட்டுக்காரர் ஆகிவிட்டார். நான் வேலியைச் சுற்றிப் பார்த்தேன். கோழிக்கூண்டுப் பக்கம் ஒரு ஓட்டை. அடைக்கச் சொன்னேன். ஜோனே அப்போதே அடைத்தார்.

கடைசிக் குட்டியைத்தான் கொடுத்தேன், பாலுக்கு முந்தியவளை. நாலு சொல்லையும் சொல்லிக் கொடுத்தேன். மேரே "உக்காரு" என்றதும் குட்டி உட்கார்ந்தது. மேரே கை தட்டினாள். டாலோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிழங்கின் பெயர். பெண் குட்டிக்கு!

ஜூலை 14, வெள்ளி

சுவாவில் பிடித்து வைத்திருந்தவர்களை விட்டுவிட்டார்களாம். ஊர் மூச்சுவிட்டது. ஆனாலும் வாரம் ஒரு வீடு காலியாகிறது.

ஆகஸ்ட் 26, சனி

கம்லேஷ் குடும்பத்தோடு ஆக்லாந்து போய் இரண்டு வாரம் இருக்கும். டைகரை ஒரு சிநேகிதனிடம் விட்டிருப்பதாகச் சொன்னான். என்னிடம் கொண்டு வர அவனுக்கு முகம் இல்லை என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

இன்று மத்தியானம் ஜோனே கயிற்றில் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலும். டைகர்தான்.

ஆலைக்குப் போகிற வழியில் காலி வீட்டின் பின்னால் கட்டிக் கிடந்ததாம். பக்கத்து வீட்டுப் பெண் எப்போதாவது தண்ணீர் வைத்திருக்கிறாள். வாடகைக்கு வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கம்லேஷ் அவளிடம் சொல்லிவிட்டுப் போனானாம். எல்லோரும் கிளம்புகிற ஊரில் வாடகைக்கு யார் வருவார்கள்?

"கிட்டப் போனா பல்லக் காட்டுச்சி. டாலோகிட்ட சொல்ற மாதிரி உக்காருன்னு சொன்னேன். உக்காந்திடுச்சி. அப்பவே தெரிஞ்சிபோச்சி இது உங்க வீட்டு நாயின்னு. உங்ககிட்டதான வரணும்?"

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். இவருக்குக் கம்லேஷ் சொந்தத் தம்பி அல்லவா? டைகரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் வரை கழுவிக்கொண்டிருந்தார். அவன் கழுத்துப் புண்ணுக்கு மஞ்சள் வைத்தது நான்.

நவம்பர் 5, ஞாயிறு

சுந்தரிக்குப் பருவம் வந்து போய்விட்டது. சேர்க்கவில்லை. வெயிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு வயிற்றைத் தடவச் சொல்கிறாள். ராஜவாழ்க்கை.

ஜூலி, டைகர், திரும்பி வந்த இன்னும் இரண்டு. இவர் மார்க்கெட்டில் மீன் தலை பொறுக்கி வருகிறார். தினம் பெரிய அண்டாவில் சாதம் வேகிறது. கஷ்டம்தான். ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் இத்தனை வால் ஆடும் வீடு வேறு எங்கே இருக்கிறது?

ஷாலீன் பேசினான். பேரனைப் பேசச் சொன்னான். "ஹலோ ஆஜி" என்று பாட்டியைக் கூப்பிட்டது. ஆசை இல்லை என்று யார் சொன்னது? அதைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. ஆனால் போகிறவள் நாய்களை யாரிடம் விடுவாள்? இதைச் சொன்னால், "நாய்க்காகவா, அம்மா?" என்கிறான்.

நாய்க்காக மட்டும்தானா? தெரியவில்லை.

2001 ஜனவரி 20, சனி

ஆஸ்திரேலியத் தபால் வந்துவிட்டது. ஏப்ரலில் சுவாவில் மெடிக்கல். இவர் கடிதத்தைப் பிரிட்ஜ் மேல் வைத்தார். எனக்காக அவரும் அவருக்காக நானும் போகிறோமோ என்று சந்தேகம்.

மார்ச் 17, சனி

ஜோனே வேகமாக வந்தார். டாலோவுக்கு முதல் பருவம். ஆலையில் ஒருவர் நல்ல ஆண் நாய் வைத்திருக்கிறாராம், நாளைக்கே கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாராம்.

அவரைத் திண்டாட விட்டுவிட்டேன். "அதுவே இன்னும் குழந்த. ரெண்டு வயசு முடியணும். அடுத்த வருஷம் மே. அப்புறம் சுவாவுக்குக் கூட்டிப்போய் இடுப்புப் படம். படம் நல்லா இருந்தாத்தான். ஆணு எதுன்னு நான் பாத்துச் சொல்றேன். குட்டி போடுறப்ப நான் வந்து பக்கத்துல இருப்பேன். முதல் ஈத்து, அதுக்குப் பயமா இருக்கும். அதுவரைக்கும் வேலிய விட்டு வெளிய விடாதீங்க."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்க இங்க இருப்பீங்களா, தீதீ?"

"இல்லாம? நான் எங்க போவேன்?"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

இவர் டைகருக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு பிசைந்தார். ஜோனே போனதும், "ஷாலீனுக்கு நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை. முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம், எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 28, சனி

மெடிக்கல் தேதி செவ்வாயோடு போய்விட்டது. ஷாலீன் ஒரு வாரம் பேசவில்லை. நேற்றுப் பேசினான். டிசம்பரில் பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம். நாய் கடிக்குமா என்று பேரன் கேட்டானாம். இவனும் ஊரோடு சேர்ந்துவிட்டான்.

இன்று இவரும் ஜோனேயும் பின்வேலியைத் தள்ளிப் போடக் குழி தோண்டினார்கள். டாலோவும் வந்திருந்தாள். பருவம் முடிந்துவிட்டதால் பயமில்லை. தோண்டிய மண்ணையெல்லாம் திரும்பக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜோனே பொறுத்துப் பார்த்துவிட்டு, "உக்காரு" என்று ஒரு அதட்டு அதட்டினார்.

சுந்தரி, ஜூலி, டைகர் என்று முற்றத்தில் இருந்த அத்தனையும் உட்கார்ந்தன. டாலோ மட்டும் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.