தங்கை உண்டா என்று அவர்கள் கேட்டபோது

எண்: 37/1982
பழவேற்காடு
27-12-1982, திங்கட்கிழமை
(துந்துபி ஆண்டு, மார்கழி 12)
காலை 6.40 மணி

பொருள்: உன் திருமணமும், அதில் செல்வம்மாளின் பெயர் சேர்ந்துவிட்டதும்.

சிரஞ்சீவி ராஜவேலுவுக்குத் தகப்பனார் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் தங்கை செல்வம்மாளும் உடம்பளவில் சுகம். மனத்தளவிலும் அப்படியே என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. நேபாளத்துத் தாங் பள்ளத்தாக்கின் பனியில் சாலை வேலை பார்க்கும் நீ காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க அம்மன் காக்க வேண்டும். உன் 28-11-1982 தேதிக் கடிதம் 14-12-1982 செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வழக்கம்போல எண் போட மறந்திருக்கிறாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. படகுத்துறை வரை போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புகிறேன், பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள்களைக் கிழித்தும் விட்டேன். இது நான்காவது.

நீ எழுதியதில் எனக்கு விளங்கியதை முதலில் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்து. உன் முகாமைச் சுற்றியுள்ளவர்கள் தாரு மக்கள். வெளியார் ஓர் இரவு தங்கினாலே மலேரியாவில் விழுந்த அந்தக் காட்டை வெட்டித் திருத்தித் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். மருந்து அடித்து மலேரியா அடங்கிய பிறகு மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பத்திரம் எழுதத் தெரிந்தவர்கள் பெயருக்கு நிலம் போய்விட்டது. திருத்தியவர்களில் பலர் அதே நிலத்தில் கமையா என்ற பெயரில் ஆண்டு ஆளாக உழைக்கிறார்கள். ராக்கெட் தளத்துக்காகத் தீவை விட்டு இங்கே வந்து குடியேறியவர்கள் ஏரியில் வலை போட இன்னமும் இடம் கேட்டு நிற்பதைப் பார்க்கிற எனக்கு, அதை விளக்க நீ இரண்டு பக்கம் செலவழித்திருக்க வேண்டியதில்லை. நீ கட்டிக்கொள்ள நினைக்கும் சுக்னியின் வீட்டில் முப்பது பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்றும், ஆள் உயர மண் குதிர்களே அறைகளுக்குச் சுவர் என்றும், பெண்கள் இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு கைவலையோடு வரிசையாகத் தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். கடைசிச் செய்தியை மட்டும் உன் அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "பொம்பளைங்க வலை இழுக்குறாங்களா, அப்போ ஆம்பளைங்க இன்னா பண்றாங்களாம்?" என்று கேட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இனி அந்த மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். நீ பெண் கேட்டுப் போன இடத்தில் சுக்னியின் தகப்பனார் உனக்குத் தங்கை உண்டா என்று கேட்டார். நம் பக்கத்தில் பெண் பேசப் போனால் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கட்டிக் கொடுத்தாயிற்றா என்று கேட்பது மரியாதை. அந்த நினைப்பில் நீயும் ஒரே தங்கை, கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடத்து டீச்சர் என்று பெருமையாகச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து அவள் புகைப்படத்தையும் எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறாய். அவர் அதைக் குதிரின் மேல் வைத்து எல்லோருக்கும் கள் ஊற்றினார் என்றும், அவர் மகன் லாகனு வெட்கப்பட்டு எழுந்து போனான் என்றும் நீயே எழுதுகிறாய். அப்போதாவது உனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஒரு வீட்டுப் பெண் போனால் வயலில் இரண்டு கை குறைகிறது, அதற்கு ஈடாக மாப்பிள்ளை வீட்டுப் பெண் அங்கே வர வேண்டும் என்பது அவர்கள் முறை. அவர்கள் கேட்டது குசலம் அல்ல. நீ கொடுத்ததை அவர்கள் புகைப்படமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நம் குப்பத்திலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் உண்டு, உன் அத்தை குப்பம்மா அப்படித்தான் சுண்ணாம்புக்குளம் போனாள். விஷயம் கேள்விப்பட்டு 18-12-1982 அன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள், செருப்பைக் கழற்றுமுன், "நம்ம வூட்டுக்கு வந்தவ இங்க மூஞ்சியத் தூக்கினா அங்க எனக்குச் சோறு நிக்கும்டா தம்பி. மூணு தடவ மூட்டையோட வந்தேன், மூணுலயும் என் தப்பு ஒண்ணும் இல்ல. மறந்துட்டியா?" என்றாள். நான் மறக்கவில்லை.

செல்வம்மாளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் அலைந்தேன். 16-12-1982 வியாழக்கிழமை மாலை அவள் ஆரம்பாக்கம் பள்ளியிலிருந்து வந்ததும் உன் அம்மாவே சொல்லிவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் கழுவி, தலை வாரி, என் எதிரில் வந்து நின்று, "நைனா, அந்தப் பையன் நல்லவனாவே இருக்கட்டும். அண்ணனுக்குப் பொண்ணு வேணும்னா அண்ணன் போய்க் கேக்கட்டும், நான் இன்னாத்துக்கு நடுவுல? நான் வர மாட்டேன்னு எழுதுங்க. சுத்தி வளைச்சு எழுதாதீங்க, உங்க எழுத்து அப்படித்தான் போவும்" என்றாள். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்: செல்வம்மாள் வர மாட்டாள். நானும் அனுப்ப மாட்டேன்.

தை முதல் நாள் நமக்குப் பொங்கல், அவர்களுக்கு மாகி. அன்று ஒவ்வொரு வீடும் கூடி, யார் வீட்டுக்குத் தலைவர், யார் சேர்ந்திருப்பது, யார் பிரிந்து போவது, எந்தப் பெண் எங்கே என்று ஆண்டுக்கான முடிவுகளை எடுப்பார்கள் என்றாய். ஏரியில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று நாம் பாடு போடுவது மாதிரிதான். ஒரு முறை சொல்லியாகிவிட்டால் ஆண்டு முழுவதும் மாற்ற முடியாது. அன்று நீ வாய் திறக்காமல் இருந்தால் லாகனுவுக்குச் செல்வம்மாள் என்று ஆகிவிடும். மாட்டோம் என்று மட்டும் சொன்னால் சுக்னியை வேறு வீட்டுக்குப் பேசிவிடுவார்கள். ஆனால் உன் கடிதத்தின் ஓரத்தில், கொடுக்கப் பெண் இல்லாதவன் பெண் வீட்டிலேயே மருமகனாகத் தங்கி அவர்களோடு உழைப்பதும் உண்டு என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் பெரிய எழுத்தில் எழுத உனக்குத் தைரியம் வரவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அந்த வரியைத்தான் நான் பதின்மூன்று நாளாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

நேற்று, 26-12-1982 ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்பு பாடு போடும் கூட்டம். கல்யாணமாகி இங்கேயே குடியிருப்பவனுக்குத்தான் பாடு போடுவதில் இடம் என்பது உனக்குத் தெரியும். உனக்காக இதுவரை நான் தவணை கேட்டு வந்தேன். குப்பத்துத் தலைவர் நாட்டார் பெருமாள், "இன்னாப்பா நாகப்பா, மாப்ள நேபாளத்துல, பாடு பழவேற்காட்டுல, வலைய யாரு இழுப்பாங்க, தபால்காரனா?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, என் மகன் பெண் வீட்டோடு தங்கப் போகிறான், அவன் இடத்தை வேறு வீட்டுக்குக் கொடுங்கள் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பெருமாள் எழுந்து வந்து, "அவசரப்படாத நாகப்பா, ஒரு வருஷம் பாக்கலாம்" என்று என் தோளைப் பிடித்தார். வேண்டாம் என்றேன். நீ அங்கே அரை மனதாக ஒரு கால் வைத்திருந்தால் அவர்கள் மறுபடியும் தங்கையைக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று காலை காப்பி மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

சுக்னியின் தகப்பனாருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, கல்கத்தாவில் கடை வைத்திருந்த முகைதீன் பாயிடம் இந்தியில் எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறேன். அவர், "நான் அங்க துணி வித்தேன் நாகப்பா, பொண்ணு பேசல. தப்பு வந்தா என்னைத் திட்டாதே" என்றபடியே அழகாக எழுதிக் கொடுத்தார். என் மகள் படத்தை என் மகன் உங்கள் வழக்கம் அறியாமல் கொடுத்துவிட்டான், பொறுத்துக்கொள்ள வேண்டும், அவளுக்குப் பதிலாக அவனையே உங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏர் பிடிக்கத் தெரியாது, கற்றுக்கொள்வான் என்பது அதன் சாரம். மாகிக்கு முன்பே, அவர்கள் ஊர்த் தலைவர் முன்னிலையில் அதைப் படித்துக் காட்டு. கள் ஊற்றுவதற்கு முன்பு படி.

நீயும் சுக்னியும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத நெல்லோடும் இருக்க எங்கள் ஆசி. உன் அம்மாவின் ஆசியையும் சேர்த்தே எழுதுகிறேன், கேட்காமல். குளிரில் தலையை மூடிக்கொள். மாகி முடிந்த மறுநாளே என்ன ஆயிற்று என்று எழுது. எண்ணும் தேதியும் போட்டு எழுது.

இங்ஙனம்,
உன் தகப்பனார்
கி. நாகப்பன்

இணைப்பு:
1. சுக்னியின் தகப்பனாருக்கு இந்தியில் எழுதிய கடிதம், என் கையொப்பத்துடன்.
2. செல்வம்மாளின் புகைப்படத்தைத் திருப்பி அனுப்ப, நம் விலாசம் எழுதிய உறை. நம் தபால்தலை அங்கே செல்லாது என்பதால் ஒட்டவில்லை.
3. அம்மன் கோயில் குங்குமம், சிறு பொட்டலம்.
4. உன் பிறப்புச் சான்றிதழ், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாலிடெக்னிக் சான்றிதழ். எல்லாம் அசல். இதுவரை நம் வீட்டுப் பெட்டியில் இருந்தவை. இனி உன் வீட்டில் இருக்கட்டும்.